தற்காப்பு வலுவான அணியில் இளம் குவாட்டர்பேக்கை வளர்த்தெடுப்பது: புதிய பயிற்சியாளர்களுக்கு

அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) அணிக்கு உதவிப் பயிற்சியாளராக நீங்கள் புதிதாகச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அணியின் டிஃபென்ஸ், அதாவது தற்காப்பு, பலமானது. எதிரணி ஒரு போட்டியில் இரண்டு டச்டவுன் எடுத்தாலே பெரிது. ஆனால் போன ஆண்டு குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கி எறிந்தோ கொடுத்தோ தாக்குதலை நடத்துபவராக, ஆடியவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அந்த இடத்துக்கு வந்திருப்பவன் 16 வயதுப் பையன். கையில் வலு இருக்கிறது, கால் இன்னும் நிதானப்படவில்லை, எதிரே பதினொரு பேர் ஒரே நேரத்தில் நகரத் தொடங்கினால் கண்ணை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியாது. தலைமைப் பயிற்சியாளர் அவனை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் சொல்லிக்கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சில வரிகள். களத்தின் நீளம் 100 யார்டு. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். மூன்றில் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவது டவுனில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பண்ட். பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்லும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கும் கூடுதல் உதைக்கு 1, கோல் கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. தாக்கும் அணியின் ஒவ்வொரு பிளேயும் (திட்டமிட்ட நகர்வு) குவாட்டர்பேக்கின் கையில் பந்து வருவதிலிருந்தே தொடங்குகிறது என்பதால் அணியின் தவறுகளில் பெரும்பங்கு அவன் பெயரிலேயே எழுதப்படும்.

வலுவான டிஃபென்ஸ் இளம் குவாட்டர்பேக்குக்குக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: கற்றுக்கொள்ள அவகாசம். அவன் ஒரு பாதி முழுவதும் தடுமாறினாலும் ஸ்கோர் 3-0 என்றே நிற்கும். போட்டி கைவிட்டுப் போயிருக்காது. இந்த அவகாசத்தை வீணாக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வாரமே முப்பது, நாற்பது பாஸ் எறியச் சொல்லி அவனை ஆழத்தில் தள்ளிவிடுவது ஒன்று. அவனைப் பொத்திப் பொத்தி வைத்து, பருவம் முடியும்வரை பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் கையில் அதைக் கொடுக்கும் வேலையை மட்டுமே செய்யவிடுவது இன்னொன்று. முதலாவதில் தோல்வி உடனே தெரிந்துவிடும். இரண்டாவதில் நவம்பர் மாதம் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் போட்டியில்தான் தெரியும் என்பதால், என் கருத்தில் அதுவே கூடுதல் ஆபத்தானது.

முதற்படி: கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்

பந்தைத் தொடும் முன்பே பையனோடு ஒரு மணி நேரம் வெள்ளைப் பலகை முன் உட்காருங்கள். உங்கள் டிஃபென்ஸ் ஒரு போட்டிக்குச் சுமார் 14 புள்ளி விட்டுக்கொடுக்கிறது என்றால், அணிக்குத் தேவை 17. இரண்டு டச்டவுன், ஒரு ஃபீல்டு கோல். நாற்பது புள்ளி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு தன் தலையில் இல்லை என்று தெரிந்தவுடன் பல பையன்களுக்குத் தோள் தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து, களத்தில் நிற்கும் இடத்தின் மதிப்பு. பந்து உங்கள் 25 யார்டுக் கோட்டில் இருக்கிறது, மூன்றாவது டவுன், தேவை 8 யார்டு என்று கொள்வோம். யாரும் விடுபட்டு நிற்கவில்லை. பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டால், பண்ட் அடித்து எதிரணியை உங்கள் கோல் கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 யார்டு தள்ளி நிறுத்தலாம்; உங்கள் டிஃபென்ஸுக்கு அது பழகிய வேலை. இருவர் சூழ்ந்து நிற்கும் ரிசீவருக்கே (பாஸைப் பிடிக்க ஓடுபவர்) எறிந்து, எதிரணி அதைப் பறித்து இன்டர்செப்ஷன் ஆகிவிட்டால், எதிரணி 20, 25 யார்டு தொலைவிலேயே ஆட்டத்தைத் தொடங்கும்; எவ்வளவு நல்ல டிஃபென்ஸும் அங்கே மூன்று புள்ளியாவது இழக்கக்கூடும். ஆகவே இந்த அணியில் பண்ட் என்பது தோல்வி அல்ல என்பதை அவன் மனத்தில் பதிய வையுங்கள். (மூன்றாவது டவுனில் 40 யார்டு ஆழத்தில் எறியப்பட்டுப் பறிபோகும் பந்து ஏறக்குறைய பண்டுக்குச் சமம்; அதற்காக அவனைத் திட்டுவதில் பொருளில்லை. அருகிலேயே, களத்தின் நடுவில் பறிபோகும் பந்துதான் வீட்டை எரிப்பது.)

ஃபீல்டு கோல் கணக்கும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்து நிற்கும் கோட்டோடு 17 யார்டு கூட்டினால் உதையின் தூரம் வரும்: எண்ட் ஸோன் (கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள பகுதி) 10, பின்னால் பந்தைப் பிடித்து வைக்கும் இடம் 7. எதிரணியின் 20 யார்டுக் கோட்டில் நின்றால் 37 யார்டு உதை. உங்கள் அணியின் கிக்கர் அந்தத் தூரத்தை அடிப்பவர் என்றால், அங்கே எறியும் முன் வீழ்த்தப்பட்டு (சாக்) 9 யார்டு பின்னால் போவது, கையில் இருந்த மூன்று புள்ளியைக் கீழே போட்டதற்குச் சமம்.

இரண்டாம் படி: கையும் காலும்

பாஸ் எறிவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நீங்களோ ஸ்னாப்பிலிருந்து, அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதிலிருந்து, தொடங்குங்கள். சென்டரின் கால்களுக்கிடையே நேராக வாங்கும் ஸ்னாப், நான்கைந்து யார்டு பின்னால் நின்று வாங்கும் ஷாட்கன் ஸ்னாப் இரண்டையும் நாள்தோறும் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வையுங்கள். வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் பந்தை முக்கி எடுத்துச் செய்ய வையுங்கள், ஏனெனில் அக்டோபர் மழையில் பந்து வழுக்கும்போது அதை முதன்முறையாக உணரக் கூடாது. டிஃபென்ஸை நம்பி ஆடும் அணிக்கு ஸ்னாப்பில் நழுவும் பந்தைப்போல் கேடு வேறில்லை.

பிறகு கால். பெரும்பாலான இளம் குவாட்டர்பேக்குகளின் பாஸ் தவறுவது தோளினால் அல்ல, காலினால். மூன்றடி பின்வாங்கி எறிவதற்கு உரிய பாஸ்கள் வேறு, ஐந்தடி பின்வாங்கி எறிவதற்கு உரியவை வேறு. ரிசீவர் ஐந்தாவது யார்டில் திரும்பும் நேரமும் குவாட்டர்பேக்கின் மூன்றாவது அடி தரையில் ஊன்றும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். இதைப் பந்தே இல்லாமல், ஓசைக்குத் தாளம் போடுவதுபோல, நூறு முறை செய்யலாம். கை களைக்காது. வளரும் வயதில் தோளுக்கு ஓய்வு தேவை என்பதால் எறியும் எண்ணிக்கையை நாள்தோறும் எழுதி வையுங்கள்; போட்டிக்கு முந்தைய நாள் மிகக் குறைவாகவே எறியட்டும்.

மூன்றாம் படி: சிறிய கையேடு

தலைமைப் பயிற்சியாளரின் பிளேபுக்கில் நூறு பிளேக்கள் இருக்கலாம். பையனுக்கு முதல் மாதம் ஓட்டத்தில் நான்கு, பாஸில் ஐந்து போதும். அந்த ஐந்தையும் வெவ்வேறு நிலைகளிலிருந்து தொடங்கினால் எதிரணிக்கு இருபதாகத் தெரியும்; பையனுக்கு ஐந்தாகவே இருக்கும். ஹிட்ச் அல்லது ஸ்லாண்ட் போன்ற ஒரு விரைவுப் பாஸ், தடுப்பாளர்களின் பின்னால் நிற்பவருக்கு எறியும் ஒரு ஸ்கிரீன், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக ஒரே டிஃபெண்டரைத் தவிக்கவிடும் கர்ல்-ஃப்ளாட், ஓட்டம் போலக் காட்டி எறியும் பிளே ஆக்‌ஷன், அதன் நெருங்கிய உறவான பூட்லெக் ஆகியவை என் தேர்வு.

இவற்றில் பூட்லெக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வலுவான டிஃபென்ஸும் நல்ல ஓட்டமும் உள்ள அணியில் இளம் குவாட்டர்பேக்கின் சிறந்த நண்பன் அதுதான். பந்து ரன்னிங் பேக்கின் வயிற்றை உரசும் அளவுக்கு நீள்கிறது. கடைசி நொடியில் திரும்பி வந்து குவாட்டர்பேக்கின் இடுப்புக்குப் பின்னால் மறைகிறது. முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் இடப்பக்கம் சாய்கிறார்கள். எதிரணியின் லைன்பேக்கர்கள் (இரண்டாம் வரிசைத் தற்காப்பாளர்கள்) ஓட்டம் என்று நம்பி அதே பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதற்குள் பையன் வலப்பக்கம் வளைந்து வெளியே வந்துவிட்டான். அவன் கண்முன்னே மூன்று ரிசீவர்கள், மூன்று ஆழத்தில்: ஓரத்தில் ஒருவர் பதினைந்து, பதினெட்டு யார்டில், குறுக்காக ஓடிவரும் டைட் எண்ட் பத்துப் பன்னிரண்டு யார்டில், அருகில் ஒருவர் மூன்று நான்கு யார்டில். மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் மூவரையும் பார்த்துவிடலாம். எவரும் இல்லையென்றால் முன்னால் ஓடலாம். அதற்கும் வழியில்லை என்றால் பந்தை வெளியே எறியலாம். களத்தின் பாதியை அவன் பார்க்கவே வேண்டாம், நடுவில் குவியும் கூட்டத்துக்குள் எறியவும் வேண்டாம். வலக்கையால் எறிபவன் என்றால் முதல் மாதம் வலப்பக்கம் மட்டுமே ஓடவிடுங்கள். இடப்பக்கம் ஓடிக்கொண்டே எறிவதற்கு இடுப்பைத் திருப்பும் பழக்கம் வேண்டும், அது பின்னால் வரட்டும்.

ஆனால் முதல் டவுன், இரண்டாவது டவுன் இரண்டிலும் ஓட்டம், மூன்றாவதில் பாஸ் என்று ஆடத் தொடங்கினால் பூட்லெக்கும் உதவாது. மூன்றாவது டவுனில் 9 யார்டு தேவை என்னும்போது பாஸ் வரப்போவது அரங்கில் சோளப்பொரி விற்பவருக்கும் தெரியும். எதிரணி பின்வாங்கிக் காத்திருக்கும். பையனை உண்மையில் காப்பாற்ற விரும்பினால், எதிரணி ஓட்டத்தை எதிர்பார்க்கும் முதல் டவுனில் அவனை எறியவிடுங்கள். பயந்த பயிற்சியாளர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான்காம் படி: உங்கள் டிஃபென்ஸையே ஆசிரியராக்குங்கள்

ஸ்னாப்புக்கு முன் பையன் பார்க்க வேண்டியது ஒன்றே: ஆழத்தில் நிற்கும் கடைசித் தற்காப்பாளரான ஸேஃப்டி ஒருவரா, இருவரா? இருவர் என்றால் முன்வரிசை அருகே ஆள் குறைவு, ஓட்டத்துக்கு இடமுண்டு. ஒருவர் மட்டும் நடுவில் என்றால் முன்னால் எட்டுப் பேர் கூடியிருப்பார்கள்; ஓரத்தில் ரிசீவரை ஒரே ஒருவர்தான் காத்து நிற்பார், அங்கே எறியலாம். இந்த ஒரு கேள்விக்கு விடை தானாகவே வரும் அளவுக்குப் பழகிய பின் கவர் 2, கவர் 3 என்ற தற்காப்பு அமைப்புகளின் பெயர்களையும், கூடுதல் ஆட்கள் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பிளிட்ஸ் வரும்போது யாருக்கு உடனே எறிவது என்பதையும் சேருங்கள். பெயர்களை முதலில் மனப்பாடம் செய்ய வைப்பது வீண்.

இரண்டாவது வாரத்தில் அவனுக்கு ஒரு சிக்கல் தெரியவரும்: ஸேஃப்டிகள் பொய் சொல்வார்கள். ஸ்னாப்புக்கு முன் இருவராக நிற்பார்கள். பந்து நகர்ந்த நொடியில் ஒருவர் கீழே இறங்கிவிடுவார். இதைக் கற்றுக்கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் உங்கள் அணியிலேயே இருக்கிறார். மூத்த மாணவர்களில் ஒரு ஸேஃப்டியை வாரம் ஒருநாள் வீடியோ அறையில் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இந்த இடத்தில் நீ எதைப் பார்த்துக் கீழே இறங்கினாய்?" என்று பையன் கேட்கட்டும். பெரும்பாலும் விடை, "நீ எறியப்போகும் ஆளை முதல் அடியிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தாய்" என்பதாகவே இருக்கும். பயிற்சியாளர் பத்து முறை சொல்லியும் ஏறாத பாடம், பந்தைப் பறித்தவன் வாயிலிருந்து வந்தால் ஒரே முறையில் ஏறும்.

வலுவான டிஃபென்ஸோடு நாள்தோறும் பயிற்சி செய்வதில் ஒரு கெடுதலும் உண்டு. நல்ல வேகப்பந்து வீச்சாளர்கள் நிறைந்த அணியின் வலைப்பயிற்சியில் இளம் மட்டையாளர் ஒவ்வொரு நாளும் போல்டாகித் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். மூன்றே வாரத்தில் அவர் பந்தை விட்டு ஸ்டம்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இங்கேயும் அப்படித்தான். போதாக்குறைக்கு உங்கள் டிஃபென்ஸுக்கு உங்கள் பிளேக்கள் அத்தனையும் பழக்கம்; ரிசீவர் திரும்பும் முன்பே அந்த இடத்தில் போய் நிற்பார்கள். எனவே டிஃபென்ஸ் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வேடம் எதுவும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரே அமைப்பு. அடுத்த இரண்டு வாரம் இரண்டு அமைப்புகள், மாறி மாறி. அதன் பின் வாரம் ஒருநாள் பத்து நிமிடம் மட்டும், அவர்கள் விரும்பிய பிளிட்ஸையெல்லாம் அனுப்பலாம். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பாஸ் சேர்ந்தது என்று எண்ணாதீர்கள். பந்து கையைவிட்டு எத்தனை முறை உரிய நேரத்தில் போனது என்று எண்ணுங்கள். குவாட்டர்பேக்கின் மேல் யாரும் மோதக் கூடாது என்பதற்கான தனி நிற ஜெர்சி பயிற்சியில் எப்போதும் அவன் உடலில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: போட்டி நாள்

முதல் பிளேக்களை முந்தைய நாளே எழுதி, பையனிடம் கொடுத்துவிடுங்கள். தொழில்முறை லீகான NFL-இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ் தொடக்கத்தின் 25 பிளேக்கள் வரை முன்கூட்டியே எழுதி வைக்கும் முறைக்குப் பெயர் பெற்றவர். பள்ளி அணிக்கு எட்டுப் பத்துப் போதும். இரவே படித்துவிட்டு வருபவனுக்கு முதல் கால் பகுதியில் எதுவும் புதிதாக இருக்காது. அந்தப் பதற்றமான 12 நிமிடம் கடந்துவிட்டால் மீதி எளிது.

எந்த நேரத்தில் எவ்வளவு துணியலாம் என்பதை வார்த்தையில் விளக்குவதைவிட நிறத்தில் காட்டுவது எளிது. 2009இல் அதே லீகின் நியூயார்க் ஜெட்ஸ் அணி அதைத்தான் செய்தது. ரெக்ஸ் ரயன் தலைமையில் லீகின் மிகச் சிறந்த டிஃபென்ஸ், மிக அதிக ஓட்ட யார்டுகள், கூடவே மார்க் சான்செஸ் என்னும் புதுமுகக் குவாட்டர்பேக். அக்டோபரில் பஃபலோவுக்கு எதிரான ஒரு போட்டியில் அணி ஓட்டத்திலேயே 300 யார்டுக்கு மேல் எடுத்திருந்தும், சான்செஸ் ஐந்து இன்டர்செப்ஷன் எறிய, 16-13 என்று தோற்றது. பின்னர் அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் நிறங்கள் சேர்ந்தன: சிவப்பு என்றால் பந்தைக் காப்பாற்று, மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் துணிந்து எறி. கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் 9-7 என்று பருவத்தை முடித்த அந்த அணி மாநாட்டு (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப்போட்டிவரை சென்றது. உங்கள் பையனுக்கும் இதையே செய்யுங்கள். சொந்த 20 யார்டுக்குள் எப்போதும் சிவப்பு. களத்தின் நடுவில், முதல் டவுனில் பச்சை. எதிரணியின் 20 யார்டுக்குள், கிக்கரின் உதைக்கு எட்டும் தூரத்தில் மஞ்சள்.

இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சொந்த 15 யார்டுக் கோட்டில் பந்து கிடைத்தால், மண்டியிட்டு நேரத்தை முடிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு வரும்.

உடலைக் காக்கும் பாடமும் இங்கேயே அடங்கும். 2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் புதுமுகம் டேவிட் கார் ஒரே பருவத்தில் 76 முறை சாக் செய்யப்பட்டார். அப்படி அடிவாங்கும் எவரும் எதிரே வருபவரைப் பார்ப்பாரே தவிர, தொலைவில் ஓடும் ரிசீவரைப் பார்க்கமாட்டார். உங்கள் லைன் பலவீனமானது என்றால் ஐந்தடிப் பாஸ்களைக் கையேட்டிலிருந்தே எடுத்துவிட்டு மூன்றடிப் பாஸ்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது காலை முன்னால் நீட்டிச் சறுக்கி விழவும் கற்றுக்கொடுக்க வேண்டும். சான்செஸுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் ஜோ ஜிரார்டியே வந்தார். பாடம் நடந்த அதே வாரப் போட்டியில் சான்செஸ் தலை முன்னாகப் பாய்ந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். ஒரு நாள் பாடம் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஈரப் புல்லில், வாரந்தோறும்.

ஆறாம் படி: மறுபாதி அணியோடு உள்ள உறவு

புதிய பயிற்சியாளர்கள் அடியோடு மறந்துவிடுவது இதைத்தான். டிஃபென்ஸ் வலுவாக இருக்கும் அணியில் அந்தப் பதினொரு பேரும் பையனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எதிரணியை மூன்றே பிளேயில் வெளியேற்றிவிட்டு அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குள், இவன் பந்தை இழந்துவிட்டால் மறுபடியும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழ வேண்டும். ஒருமுறை, இருமுறை பொறுப்பார்கள்.

2022 நவம்பர் 20 அன்று நியூ இங்கிலாந்தில் நடந்த போட்டியைப் பாருங்கள். ஜெட்ஸ் டிஃபென்ஸ் எதிரணிக்கு ஒரு டச்டவுன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் 2021 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவதாகத் தேர்வான குவாட்டர்பேக் ஸக் வில்சன் 22 பாஸில் 9 மட்டுமே சேர்த்து 77 யார்டு எடுத்தார். இரண்டாம் பாதி முழுவதும் ஜெட்ஸ் தாக்குதல் அணி முன்னேறியது மொத்தம் 2 யார்டு. ஸ்கோர் 3-3 என்று நின்றது. கடைசி நொடிகளில் நியூ இங்கிலாந்தின் மார்கஸ் ஜோன்ஸ் பண்டை வாங்கி 84 யார்டு ஓடி டச்டவுன் எடுக்க, 10-3 என்று ஜெட்ஸ் தோற்றது. அதன் பின்னர் செய்தியாளர் ஒருவர், தாக்குதல் அணி டிஃபென்ஸைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு, வில்சன் இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொன்னார். அடுத்த போட்டிக்கு அவர் தொடக்க வீரராக இல்லை. பிறகு சக வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவரை உட்கார வைத்தது ஆட்டமா, அந்த ஒற்றைச் சொல்லா என்று ரசிகர்கள் வாதிடலாம். உங்கள் பையனுக்குப் பயன்படுவது அந்தச் சொல்தான்.

ஆகவே மோசமாக ஆடிய இரவில் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். "டிஃபென்ஸ் எங்களுக்கு ஜெயிக்க வழிசெய்து கொடுத்தது, நான் பயன்படுத்தவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். பந்தை இழந்து வெளியே வரும்போது நேராக உங்களிடம் வராமல், உள்ளே ஓடும் டிஃபென்ஸ் வீரர்களின் எதிரே போய்க் கையைத் தட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் இரண்டு முறை அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஏழாம் படி: சுமையைக் கூட்டுதல்

எப்போது கூட்டுவது என்பதே இந்தக் கலையில் மிகக் கடினமான பகுதி. மூன்று பேரின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் பென் ராத்லிஸ்பெர்கர் 2004இல் சேர்ந்தபோது உடனே ஆடுவதாக ஏற்பாடு இல்லை; இரண்டாவது போட்டியில் தொடக்கக் குவாட்டர்பேக் டாமி மாடக்ஸ் காயமடைந்ததால் உள்ளே வந்தார். தொடக்க வீரராக முதல் போட்டியை 13-3 என்று வென்றார். வழக்கமான பருவத்தில் 13 போட்டிகளில் 13 வெற்றி. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் அவர் எறிந்தது 295 பாஸ். அணி ஓட்டத்தை 600 முறைக்கு மேல் நம்பியது. டிஃபென்ஸ் 16 போட்டிகளில் 251 புள்ளி மட்டுமே கொடுத்தது. 2006இல்தான் அவர் பாஸ் எண்ணிக்கை 469 ஆனது. அந்த ஆண்டு இன்டர்செப்ஷனும் 23 ஆனது. சுமை கூடும் ஆண்டில் தவறும் கூடும் என்று எதிர்பார்த்தே கூட்ட வேண்டும்.

சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் ரஸல் வில்சன் 2012இல் 393, அடுத்த ஆண்டு 407, அதற்கடுத்து 452 என்று படிப்படியாக ஏறினார். முதல் பருவத்தின் பின்பகுதியில், அவர் கால் வேகத்துக்கு ஏற்ற ரீட் ஆப்ஷன் பிளேக்களை (பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று குவாட்டர்பேக்கே பார்த்து முடிவெடுப்பது) அணி கூடுதலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. டிசம்பரில் அடுத்தடுத்த மூன்று போட்டிகளில் 58, 50, 42 புள்ளி வந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றை அவர்மேல் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள், தெரிந்ததைப் பெரிதாக்கினார்கள். சான்செஸோ 364இலிருந்து ஒரே ஆண்டில் 507க்குத் தாவினார், அடுத்த ஆண்டு 543. அவர் பார்வை வளர்ந்த வேகத்தைவிடச் சுமை வளர்ந்த வேகம் அதிகம் என்பது என் எண்ணம்.

பள்ளி அணியில் எண்ணிக்கை இவ்வளவு பெரிதல்ல, கொள்கை அதுவே. கையேட்டில் உள்ள ஐந்து பாஸ்களில் ஒன்றை அவன் வீடியோ அறையில் உங்களுக்கே விளக்கிக் காட்டும்போது, அதற்கு அருகிலுள்ள ஆறாவதைச் சேருங்கள். எளிய எதிரணிக்கு எதிராக 21-0 என்று முன்னிலையில் இருக்கும் மூன்றாம் கால் பகுதி, புதியதைச் சோதிக்க உகந்த நேரம். பல பயிற்சியாளர்கள் அந்த நேரத்தைத்தான் ஓட்டத்திலேயே கழிக்கிறார்கள். பந்தைப் பறிகொடுத்தாலும் உங்கள் டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றால், பறிகொடுக்கும் உரிமையை அவனுக்கு அங்கே கொடுங்கள்.

கடைசியாக, டிஃபென்ஸ் கைவிடும் நாளுக்கும் அவனைத் தயார் செய்ய வேண்டும். 2005 ஜனவரியில் மாநாட்டு இறுதிப்போட்டியில் நியூ இங்கிலாந்திடம் ஸ்டீலர்ஸ் டிஃபென்ஸ் திணறியது. ராத்லிஸ்பெர்கர் மூன்று இன்டர்செப்ஷன் எறிந்தார், அதில் ஒன்றை ராட்னி ஹாரிசன் 87 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். அணி 41-27 என்று தோற்றது. அடுத்த பருவத்தில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றபோதும் அவர் 21 பாஸில் 9 மட்டுமே சேர்த்திருந்தார். அன்று மற்றவர்கள் அவரைச் சுமந்தார்கள். பிறகு 2009 பிப்ரவரி 1, அரிசோனாவுக்கு எதிரான சூப்பர் பௌல். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த டிஃபென்ஸான ஸ்டீலர்ஸ் டிஃபென்ஸ், போட்டி முடிய 2 நிமிடம் 37 நொடி இருக்கையில் அரிசோனாவின் ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை 64 யார்டு ஓடவிட்டு 23-20 என்று பின்தங்கியது. ராத்லிஸ்பெர்கருக்குச் சொந்த 22 யார்டில் பந்து கிடைத்தது. முதல் பிளேயிலேயே தண்டனையாக 12க்குத் தள்ளப்பட்டது. 35 நொடி மீதமிருக்கையில், எண்ட் ஸோனின் வலது மூலையில், மூன்று டிஃபெண்டர்களின் கைக்கு மேலாக, சான்டோனியோ ஹோம்ஸின் விரல் நுனிக்குப் பந்து போய்ச் சேர்ந்தது. 27-23.

வாரந்தோறும் ஒரு பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்கோர்போர்டில் நான்கு புள்ளி பின்தங்கிய நிலையையும் 2 நிமிடம் 30 நொடியையும் போட்டு, சொந்த 12 யார்டில் பந்தை வைத்து, எதிரே உங்கள் முதல்தர டிஃபென்ஸை நிறுத்துங்கள். அந்தப் பத்து நிமிடம் மட்டும் மணிக்கட்டுப் பட்டையை அவன் கழற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு, பிளேக்களைத் தானே தேர்ந்தெடுக்கட்டும்.